எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியில பட்டு வர்ற வெயில்: போட்டோ எடுக்குறதைப் பத்தி என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் மதுரைக்காரி. ஆபீஸ் வேலை. போட்டோ எடுக்குறது முழுக்க முழுக்க ஆசைக்குத்தான், ஒரு பன்னெண்டு வருஷமா வீட்டுக்குள்ள, மாடிப்படியில, டீக்கடை வாசல்ல, பஸ் ஜன்னல் ஓரமான்னு வெளிச்சம் எங்க எதுல பட்டுத் திரும்பி வருதோ அங்கெல்லாம் நின்னு எடுத்துக்கிட்டு இருக்கேன். கூட வேலை பாக்குற பிள்ளைங்க, சொந்தக்காரங்க, அவங்க ஃபிரெண்ட்ஸ்னு நிறைய பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புறதுக்குப் பதிலா மொத்தமா எழுதி வச்சிட்டா அனுப்பிவிட வசதின்னு உக்காந்துட்டேன்.

அக்கா, பவுன்ஸ் லைட் பவுன்ஸ் லைட்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன?

வெயில் நேரா உங்க மேல விழுந்தா அது நேர் வெளிச்சம். அதே வெயில் மொதல்ல ஒரு சுவத்துலயோ தரையிலயோ எவர்சில்வர் தட்டுலயோ பட்டுட்டு அங்கிருந்து உங்க மூஞ்சிக்கு வந்தா அதான் பவுன்ஸ். இதுலயே ரெண்டு தினுசு இருக்கு. கண்ணாடி, தண்ணி, பாத்திரம் மாதிரி வழவழன்னு இருக்குறதுல பட்டா வந்த கோணத்துலயே அந்தப் பக்கம் திரும்பிப் போகும், அதனால ஒரு துண்டா, ஓரம் கூர்மையா விழும். சுண்ணாம்பு அடிச்ச சுவர், வேட்டி, மாடியில காயப்போட்ட பெட்ஷீட் மாதிரி சொரசொரப்புல பட்டா நாலாபக்கமும் செதறும், நிழலோட ஓரமெல்லாம் கரைஞ்சு மூஞ்சி மெத்துன்னு தெரியும்.

எனக்கு இது புரிஞ்சது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தப்பதான். வாசப்படியில உக்காந்து மடியில பெரிய எவர்சில்வர் தாம்பாளம், வெயில் முதுகுப் பக்கமா தோளுக்கு மேல வந்து தட்டுல விழுந்து அங்கிருந்து மேல ஏறி தாடைக்கு அடியில, மூக்குக்கு அடியில எல்லாம் வெளிச்சம், கீரை தட்டுல சேரச் சேர அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, ஏன்னா தட்டு மறையுதுல்ல. கடைசி கொத்தை உருவி முடிக்கிறப்ப மூஞ்சி பழையபடி நிழலாயிருச்சு. ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அதுல மூணாவது நிமிஷத்துல எடுத்த ஒரு படம் இருக்கு, மூக்குத்திக்கு அடியில ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, அது தட்டுல இருந்து வந்தது.

எந்த கேமரா வாங்கலாம்? பட்ஜெட் கம்மி.

கையில இருக்குற போனை வச்சு ஆறு மாசம் எடுங்க. அதுக்கப்புறமும் ஆசை அடங்கலன்னா செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாத்தி மாத்திப் போடுற கேமரா), கூட 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், அவ்வளவு போதும். அந்த லென்ஸ் வெலையும் கம்மி, மங்கலான வீட்டு வெளிச்சத்துலயும் நல்லா வேலை செய்யும். ஆனா எந்த போனா இருந்தாலும் எடுக்குறதுக்கு முன்னாடி லென்ஸை ஒரு சுத்தமான பருத்தித் துணியால தொடைங்க. எண்ணெய்க் கை பட்ட லென்ஸ்ல வெளிச்சமெல்லாம் இழுத்து விட்ட மாதிரி வரும், அதைப் பாத்துட்டு போன் சரியில்லன்னு மாத்தினவங்களை எனக்குத் தெரியும்.

நல்ல வெளிச்சம் எங்க வரும்னு எப்படித் தெரியும்? எங்க வீட்டுல அப்படி ஒண்ணுமே இல்லையே.

இருக்கும். டைம் டேபிள் போடுங்க, நெசமாவே நோட்டுல எழுதுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மணிக்கு ஒரு தடவை வீட்டைச் சுத்தி வந்து எந்தச் சுவத்துல எந்தத் தரையில வெளிச்சம் இருக்குன்னு குறிச்சுக்கங்க. நம்ம ஊரு பஸ் டைமை விட இது கரெக்ட்டா வரும்.

எங்க ஹால் ஜன்னல் மேக்கு பாத்தது, அதனால காலையில அங்க வெயிலுக்கு வேலையே இல்ல. ஆனா தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கண்ணாடி வச்ச பில்டிங் கட்டினாங்க, அதுக்கப்புறம் காலையில 8 மணி வாக்குல கெழக்க இருந்து வர்ற வெயில் அந்தக் கண்ணாடியில மோதி திரும்பி எங்க மேக்கு ஜன்னல் வழியா உள்ள வருது. வராத திசையில இருந்து வெயில்! மொத நாள் பாத்தப்ப எனக்கு ஒண்ணுமே புரியல, அப்பா பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு, பின்னாடி சுவத்துல ஒரு சாய்ஞ்ச சதுரமா வெளிச்சம். சூரியன் நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி நகரும், கண்ணாடி தெருவுக்கு அந்தாண்ட இருக்குறதால இங்க சுவத்துல அந்த நாலு நிமிஷத்துக்குள்ள வெளிச்சம் ஒரு ஜாண் நகர்ந்துரும், நின்னு பாத்தா நகர்றது கண்ணுக்கே தெரியும். அதனால நான் பண்றது என்னன்னா 8 மணிக்கே போய் அது எங்க வரும்னு பாத்து வச்சுட்டு காபியோட உக்காந்துக்குவேன், அப்பா பேப்பரைப் புரட்டுறப்ப அந்தச் சதுரம் பேப்பர் மேல ஏறும், பேப்பர் வெள்ளையில பட்டு அவரு மூக்குக்கண்ணாடிக்குள்ள போகும்.

மாசத்துக்கு மாசம் எடமும் மாறும். மார்கழியில சூரியன் தெக்கால போறதால எங்க சதுரம் சுவத்துல வடக்கே தள்ளிப் போய் ஃப்ரிட்ஜ் மேல விழும், ஆனியில தெக்கே வந்து சாமி அலமாரிகிட்ட நிக்கும். இன்னொண்ணு நிறைய பேர் கவனிக்காதது, மதுரை மாதிரி ஊர்ல வைகாசி, ஆனி, ஆடி மூணு மாசமும் சூரியன் உச்சிக்கு வடக்கால போகும், அதனால வருஷம் பூரா இருட்டா கெடக்குற வடக்கு ஜன்னல்ல அந்த மூணு மாசம் காலையிலயும் சாயங்காலமும் வெயில் சரிஞ்சு உள்ள வரும். எங்க வீட்டுல அது அடுப்படி ஜன்னல். வருஷத்துல அந்த மூணு மாசத்துக்காக நான் காத்துக்கிட்டு இருப்பேன்.

கோல்டன் ஹவர்ல, அதான் சூரியன் எறங்குற நேரத்து மஞ்ச வெளிச்சத்துல, எடுத்தாதான் நல்லா வருமாமே?

நல்லாத்தான் வரும், ஆனா ஐரோப்பா வீடியோவைப் பாத்துட்டு ஒரு மணி நேரம் இருக்குன்னு நம்பி மெதுவா கெளம்பாதீங்க. நம்ம பக்கம் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா எறங்கும், அதனால அந்த மஞ்ச வெளிச்சம் அரை மணி நேரம் நின்னாலே பெருசு, அஸ்தமிச்சதும் சட்டுனு இருட்டிரும். அதுக்கு பதிலா மத்தியான வெயிலை யாரும் கண்டுக்குறது இல்ல. சித்திரையில உச்சி வெயில் முத்தத்துல நேரா எறங்கி தரையில பட்டு மேல தெறிக்கும், தாழ்வாரத்துல உக்காந்திருக்கவங்களுக்கு கீழ இருந்து வெளிச்சம் வரும். திருமலை நாயக்கர் மஹால்ல போய் பாருங்க, 1636ல கட்டினது, நடுவுல தெறந்த வெளி, சுத்தி அந்த பிரம்மாண்ட வெள்ளைத் தூணுங்க, வழவழன்னு சுண்ணாம்புப் பூச்சு. வெளிய கண்ணைக் கூசுற வெயில் தூணுக்குத் தூண் பட்டு உள்ள வர்றதுக்குள்ள பால் மாதிரி ஆயிரும். அங்க தூணுக்குப் பின்னாடி ஒரு ஆளை நிக்க வச்சு எடுத்தா எந்த ஸ்டுடியோவும் கிட்ட நிக்க முடியாது.

எங்க வீட்டுல எடுத்தா மூஞ்சி செவப்பா வருது, சில ரூம்ல பச்சையா வருது. கேமரா கோளாறா?

கேமரா சரியாத்தான் இருக்கு. வெளிச்சம் எதுல பட்டு வருதோ அதோட கலரையும் கூட்டிக்கிட்டு வரும். ரெட் ஆக்சைடு தரைன்னா கன்னத்துக்கு அடியில செவப்பு ஏறும், பச்சை டிஸ்டெம்பர் சுவருன்னா காய்ச்சல் வந்தவங்க மாதிரி ஆயிரும். பச்சைன்னா நான் தரையில ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சுப் போட்டுருவேன், சரியாயிரும். செவப்பை மட்டும் நான் மாத்தவே மாட்டேன். எங்க ஆச்சி வீட்டுத் தரை அந்தக் கலர்தான், அந்த வெளிச்சத்துல எடுத்த படத்தை எங்க பாத்தாலும் அந்த வீடுன்னு எனக்குத் தெரியும்.

போன்ல எடுத்தா கண்ணுக்குத் தெரிஞ்ச அழகு படத்துல வர மாட்டேங்குது, எல்லாமே வெளுத்துப் போகுது.

இந்தக் கேள்விதான் அதிகமா வருது. கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்குற மீட்டருக்கு உலகம் மொத்தமும் சராசரியா சாம்பல் கலர். இருட்டு ரூம்ல ஒரு சின்னத் துண்டு வெயில் இருந்துச்சுன்னா, அடடா இருட்டா இருக்கேன்னு நெனச்சு எல்லாத்தையும் தூக்கி விட்டுரும், அப்ப அந்தத் துண்டு வெந்து வெள்ளையாயிரும். போன்ல வெளிச்சம் இருக்குற எடத்தை விரலால தொடுங்க, பக்கத்துல சின்ன சூரியன் மாதிரி ஒண்ணு வரும், அதைக் கீழ இழுங்க. நிழல் கருப்பாகட்டும், பரவாயில்ல, கருப்பு இருந்தாத்தான் வெளிச்சம் வெளிச்சமா தெரியும். தொட்ட எடத்துலயே விரலை அழுத்திப் பிடிச்சா பெரும்பாலான போன்ல லாக் ஆயிரும், அதுக்கப்புறம் யாராவது குறுக்க வந்தாலும் மாறாது. அப்புறம் எச்டிஆர் ஆஃப் பண்ண முடியும்னா ஆஃப் பண்ணிப் பாருங்க, அது பல ஃப்ரேமை ஒண்ணாச் சேத்து நிழலையும் வெயிலையும் ஒரே மாதிரி ஆக்கிரும், கல்யாண மண்டபத்துக்கு அது வேணும், அடுப்படி ஜன்னலுக்கு வேணாம்.

என் பையன் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறான், எல்லாமே கலங்கலா வருது அக்கா.

ஷட்டர் ஸ்பீடுதான், அதாவது ஒரு படத்துக்கு கேமரா எவ்வளவு நேரம் தெறந்திருக்குங்குறது. போன் கேமராவுல எல்லாத்தையும் நாமளே செட் பண்ற ப்ரோ மோடு இருந்தா அதுக்குப் போங்க. நடக்குறவங்களுக்கு 1/250 நொடி, ஓடுற குதிக்கிற பிள்ளைக்கு 1/500க்கு மேல வைங்க, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவு) ஏறி புள்ளி புள்ளியா வந்தாலும் கவலைப்படாதீங்க, புள்ளியை மன்னிச்சிரலாம், கலங்கின மூஞ்சியை ஒண்ணும் பண்ண முடியாது. ப்ரோ மோடு இல்லன்னா பிள்ளையை வெளிச்சத்துக்கு வர வைங்க, கூப்பிட்டா வர மாட்டான், பொம்மையை ஜன்னலுக்குப் பக்கத்துல போட்டா தானா வருவான்.

சரியான நொடியை எப்படிப் பிடிக்கிறீங்க? நான் எடுக்குறதுக்குள்ள முடிஞ்சிருது.

நொடியைத் துரத்தாதீங்க, எடத்தைப் பிடிச்சு வச்சுக்கங்க. வெளிச்சம் விழுற எடத்தை மொதல்ல ஃப்ரேம் பண்ணிட்டு யாராவது அதுக்குள்ள வர்ற வரைக்கும் நில்லுங்க. 1932ல பாரிஸ்ல செயின்ட் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னாடி கார்த்தியே பிரெசோன்னு ஒரு பிரெஞ்சு போட்டோகிராஃபர் எடுத்த படம் பாத்திருப்பீங்க, தேங்கின தண்ணி மேல ஒரு ஆளு தாவுறாரு, குதிகால் இன்னும் தண்ணியைத் தொடல, அவரோட நிழலுருவம் அப்படியே தண்ணியில தலைகீழா. வேலி இடுக்கு வழியா கேமராவை நீட்டி எடுத்தது அது. தண்ணியும் வெளிச்சமும் ஏற்கனவே அங்க இருந்துச்சு, ஆளு வந்து சேந்தாரு.

அதே பாரிஸ்ல 1838ல, போட்டோ எடுக்குற முறையைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான டகேர் தன் ஜன்னல்ல இருந்து ஒரு பெரிய தெருவை எடுத்தாரு, அப்பல்லாம் ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்குல கேமரா தெறந்திருக்கணும், அதனால நடந்தவங்க, குதிரை, வண்டி ஒண்ணுமே பதியல, தெருவே காலியா இருக்கு. பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு அசையாம நின்ன ஒரு ஆளும் போட்டு விட்டவரும் மட்டும் ஒரு மூலையில சின்னதா தெரியுறாங்க. இந்தப் படத்தை நெனைக்கிறப்பல்லாம் எனக்கு என்னமோ பண்ணும், அந்தத் தெருவுல அன்னைக்கு எத்தனை பேர் போயிருப்பாங்க, அவ்வளவு பேரும் போயிட்டாங்க. இப்ப நம்ம போன்ல ஆயிரத்துல ஒரு பங்கு நொடி பிடிக்க முடியுது.

பழக எடம் வேணும்னா டீக்கடை. மாஸ்டர் ஆத்துறப்ப பின்னாடி இருந்து வெயில் வந்தா டீ கம்பி மாதிரி மின்னும், எவர்சில்வர் மேடையில பட்ட வெளிச்சம் அவரு மூஞ்சிக்குக் கீழ இருந்து ஏறும். ஒரு கிளாஸுக்கு நாலஞ்சு தடவை தூக்கி ஆத்துவாரு, அதனால ஒரு தடவை விட்டாலும் அடுத்தது உண்டு. மொதல்ல டீ வாங்கிக் குடிச்சிட்டுக் கேளுங்க, எனக்கு இதுவரைக்கும் யாரும் முடியாதுன்னு சொன்னதில்ல.

கூரையில தண்ணி வெளிச்சம் ஆடுமே, அது எப்படி எடுக்குறது?

அண்டாவுல, வாளியில தண்ணி நிரப்பி வெயில்ல வைங்க, மேல வெள்ளைக் கூரை இருந்தா போதும். தண்ணியோட ஒவ்வொரு சின்ன அலையும் வளைஞ்ச கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை ஒரு கோட்டுல குவிக்கும், அதான் அந்த வலை மாதிரி கோடு. 1/250 வச்சா கோடு கூர்மையா நிக்கும், 1/15 வச்சா பட்டுத்துணி மாதிரி வழியும். ரெண்டும் நல்லா இருக்கும், எனக்கு மொதல்தான் பிடிக்கும்.

மரத்தடியில வட்ட வட்டமா வெயில் விழுதே, இலை வட்டமாவா இருக்கு?

இலை இடுக்கு எந்த வடிவமா இருந்தாலும் கீழ விழுறது வட்டம்தான், ஏன்னா அந்த ஒவ்வொரு வட்டமும் சூரியனோட படம். ஓட்டு வீட்டுல ஓட்டை வழியா விழுற காசும் அதேதான். ஊசித்துளை கேமரா மாதிரி வேலை செய்யுது. 2019 டிசம்பர் 26 காலையில வளைய சூரிய கிரகணம் வந்துச்சுல்ல, அன்னைக்கு நான் திண்டுக்கல்ல சித்தி வீட்டுல இருந்தேன். ஒம்பதரை மணி வாக்குல எல்லாரும் மேல பாத்துக்கிட்டு இருக்காங்க, கீழ வேப்பமரத்தடியில சிமெண்ட் தரை பூரா சின்னச் சின்ன வளையல். நூத்துக்கணக்குல. சித்தி பொண்ணு கையை நீட்டினா, உள்ளங்கையில ஒரு வளையல் விழுந்துச்சு. அந்த வளையம் ரெண்டு மூணு நிமிஷம்தான் இருந்துச்சு, எனக்கு வாழ்க்கையிலயே பிடிச்ச படம் அது.

சினிமாவுல வர்ற மாதிரி வெளிச்சக் கம்பி எப்படி வரவைக்கிறது?

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுறப்ப எடுங்க. காத்துல புகை இருந்தாத்தான் வெளிச்சம் போற பாதை கண்ணுக்குத் தெரியும். ஃபேனை நிறுத்துங்க, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருட்டா இருக்கட்டும், நீங்க வெளிச்சம் வர்ற பக்கத்தைப் பாத்து நில்லுங்க.

ராத்திரி லைட்ல எடுத்தா படத்துல கோடு கோடா வருது.

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால டியூப் லைட்டும் மட்டமான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/100லயோ 1/50லயோ வைங்க, போயிரும்.

ஃப்ளாஷ் போடலாமா?

நேரா மூஞ்சில அடிக்காதீங்க. தனி ஃப்ளாஷ் இருந்தா அதோட தலையைக் கூரைக்குத் திருப்புங்க, வெள்ளைக் கூரைன்னா ரூமே ஒரு பெரிய ஜன்னல் மாதிரி ஆயிரும். கட்டையும் செங்கலுமா இருக்குற பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைன்னா அது வெளிச்சத்தைக் குடிச்சிரும், அப்ப பக்கத்துச் சுவத்துக்குத் திருப்புங்க. ஃப்ளாஷே இல்லன்னா ஸ்டேஷனரி கடையில ஒரு தெர்மாகோல் ஷீட் வாங்குங்க, ஷூட்டிங்ல பெரிய பெரிய கேமராமேன்களே அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. ஜன்னல் ஒரு பக்கம், தெர்மாகோல் மறுபக்கம், நிழல் பக்கம் தெளிஞ்சுரும்.

இந்த எடத்துல கேமராமேன் சுப்ரதோ மித்ராவைப் பத்திச் சொல்லாம போக மனசு வரல. சத்யஜித் ரே 1956ல அபராஜிதோ எடுத்தப்ப காசியில இருக்குற ஒரு வீட்டு முற்றத்தை கல்கத்தா ஸ்டுடியோவுல செட்டா போட்டாங்க. ஆகாசத்துல இருந்து முற்றத்துல எறங்குற அந்தச் செதறின வெளிச்சம் ஸ்டுடியோ லைட்ல எப்படி வரும்? மித்ரா மேல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி கீழ இருந்து லைட்டை அதுல அடிச்சு திருப்பி விட்டாரு. ரேவோட மொத படத்துல சேர்றதுக்கு முன்னாடி அவரு சினிமா கேமராவை இயக்கினதே இல்ல. நல்லாப் பாத்துப் பழகின கண்ணுதான் அது.

தெருவுல எடுக்கணும்னா மதுரையில எங்க போகலாம்?

மாசி வீதிகள். கோயிலைச் சுத்தி சதுரமா இருக்குறதால வெளிச்சத்தைக் கணக்குப் போட ரொம்ப வசதி. தெற்கு மாசி, வடக்கு மாசி கெழக்கு மேக்கா ஓடும், காலையிலயும் சாயங்காலமும் வெயில் தெருவோட நீளத்துக்கு வரும், வர்றவங்க எல்லாரும் தலையைச் சுத்தி வெளிச்சத்தோட வருவாங்க. கீழ மாசியும் மேல மாசியும் தெக்கு வடக்கா ஓடும், காலை 9 மணிக்கு ஒரு சாரி கட்டடத்துல வெயில் அடிக்கும், அது திரும்பி எதிர்ச்சாரியில நிழல்ல இருக்குற கடைக்குள்ள விழும். கீழ மாசி வீதியில மூட்டை எறக்குறவங்களை அந்தத் திரும்பின வெளிச்சத்துல பாருங்க, தோள்ல இருக்குற மாவுத் தூசி கூட தெரியும்.

கோயிலுக்குள்ள வேணாம். 2022 டிசம்பர்ல ஹைகோர்ட் மதுரை பெஞ்ச் தமிழ்நாட்டுக் கோயில்கள்ல செல்போனுக்குத் தடை போடச் சொல்லிருச்சு. அப்புறம் தெருவுல யாரா இருந்தாலும் வேணாம்னு கை காட்டினா அழிச்சிருங்க, அவங்க முன்னாடியே அழிச்சுக் காட்டுங்க. அடுத்தவங்க பிள்ளைங்களை அவங்க அம்மா அப்பாவைக் கேக்காம எடுக்கவே எடுக்காதீங்க.

போட்டோவெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?

மூணு எடத்துல. ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு கிளவுட். அந்த ரெண்டு டிஸ்க்ல ஒண்ணு தங்கச்சி வீட்டுல. இது பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. ஒரு தடவை போன் ஸ்கிரீன் மாத்தக் குடுத்தேன், டேட்டாவைத் தொடாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன், ஃபார்மேட் பண்ணிக் குடுத்துட்டாங்க. ரெண்டு வருஷப் படம். அப்பா கொல்லையில சின்னக் கண்ணாடியை வேப்பமரத்துல ஆணியில மாட்டி ஷேவ் பண்ணுவாரு, அந்தக் கண்ணாடியில பட்ட வெயில் பின்னாடி சுவத்துல ஆடும், அதை நான் ஒரு மாசம் தொடர்ந்து எடுத்திருந்தேன். இப்ப அந்த மரமும் இல்ல. குடுக்குறதுக்கு முன்னாடி காப்பி எடுத்துருங்க, தயவு செஞ்சு.

இதையெல்லாம் யாரு பாக்கப் போறாங்க, எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க?

சிகாகோவுல விவியன் மையர்னு ஒரு அம்மா, பிள்ளைங்களைப் பாத்துக்குற ஆயா வேலை, கிட்டத்தட்ட நாப்பது வருஷம். லீவு நாள்ல கேமராவோட சுத்தி லட்சத்துக்கு மேல எடுத்திருக்காங்க, கடைக் கண்ணாடியில, தெருவுல தூக்கிட்டுப் போற நிலைக்கண்ணாடியில தன்னையே எத்தனையோ எடுத்திருக்காங்க. யாருக்கும் காட்டல. 2007ல வாடகை பாக்கிக்காக அவங்க சாமான் ஏலம் போனப்பதான் படங்கள் வெளிய வந்துச்சு, 2009ல அவங்க இறந்தும் போயிட்டாங்க. யாராவது பாப்பாங்கன்னு எடுத்திருந்தா அவங்க அத்தனை எடுத்திருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது. எனக்கும் அப்படித்தான், அந்த 8 மணி சதுரத்துக்காக உக்காந்திருக்குற அந்தப் பத்து நிமிஷத்துல அப்பா முகத்தை நான் ஒழுங்காப் பாக்குறேன், மத்த நேரம் பாக்குறது இல்ல.

பிரிண்ட் போடுவீங்களா?

மாசத்துக்கு பத்து. 4க்கு 6 சைஸ், மேட் பேப்பர், பளபளன்னு வேணாம், டியூப் லைட் அதுல அடிச்சு படமே தெரியாது. போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் வெளிச்சத்தை ஏத்திக் குடுங்க, ஸ்கிரீன்ல தெரியுறதை விட பேப்பர்ல இருட்டாத்தான் வரும். பின்னாடி தேதி, நேரம் எழுதி வைங்க, நான் வெளிச்சம் எதுல பட்டு வந்துச்சுன்னும் எழுதுவேன். அம்மா அந்த ஆல்பத்தை எடுத்து தன் பங்குக்கு எழுதி வச்சிருக்காங்க, போன வாரம்தான் பாத்தேன். தாம்பாளத்துப் படத்துக்குப் பின்னாடி நான் "காலை 7.50, தட்டு" ன்னு எழுதியிருந்தேன். அதுக்குக் கீழ அவங்க கையெழுத்துல "அன்னைக்குக் கரண்ட் இல்ல, அதான் வாசல்ல உக்காந்தேன்".